திருவேட்டக்குடிக்கு அண்ணன் போன நாள்

எங்கள் குடும்பத்தின் அழைப்பை ஏற்று வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த வைகாசியோடு ஓராண்டு நிறைவடைகிறது. அவர் நினைவாக இந்தச் சிறு மலரை உங்கள் கையில் தருகிறோம். அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அண்ணியும் தம்பியும் என்னிடம் ஒப்படைத்தார்கள். நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று உறவில் சிலர் சொன்னார்கள். அண்ணிதான், "முழுசா எழுதுங்க. அவுங்களே பத்து பேரு முன்னாடி சொன்ன விஷயம். நாம என்னத்த மறைக்கிறது?" என்றார். எனவே முழுவதையும் எழுதுகிறேன்.

அண்ணன் சுரக்குடியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு அடுத்து நான், எனக்கு அடுத்துத் தம்பி. அப்பா சொந்த நிலம் கொஞ்சமும் குத்தகை நிலம் கொஞ்சமுமாகச் சாகுபடி செய்துவந்தார். அண்ணன் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, தை அறுவடையில் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அண்ணன் அந்தத் துக்கத்தோடேயே பரீட்சை எழுதித் தேறினார். ஆனால் அதற்குமேல் பள்ளிக்கூடம் போகவில்லை. "நீங்க ரெண்டு பேரும் படிங்க. எனக்குப் படிப்பு அவ்வளவா ஏறாது" என்று எங்களிடம் சொன்னார். அவருடைய கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்திருந்த எனக்கு அது பொய் என்று தெரியும்.

திருநள்ளாற்றில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்றார். சில ஆண்டுகளில் அதே தெருவில் சொந்தமாகக் கடை போட்டார். சனிப்பெயர்ச்சிக்கு முன் விடுதிக்காரர்கள் எல்லாரும் அண்ணனைத் தேடி வருவார்கள். அத்தனை கூட்டத்துக்கும் தண்ணீர் ஏற்ற வேண்டிய மோட்டார்கள் சரியாக அந்த நேரத்தில்தான் புகையும். ஆனாலும், குறுவை நாற்று வாடுகிறது என்று ஒரு விவசாயி வந்து நின்றால், விடுதி மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு அவருடைய மோட்டாரைத்தான் முதலில் பிரிப்பார். அந்த வருமானத்தில் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்; தம்பியை என்ஜினியராக்கினார். என்னை நெடுங்காட்டில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த பிறகே தன் திருமணப் பேச்சை எடுக்க விட்டார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் குரலை உயர்த்திய ஒரே இடம் கிரிக்கெட் மைதானம். அங்கும் "ஓடு, ஓடு" என்று கத்தத்தான்.

எங்கள் ஊர் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கியவர்களில் அண்ணனும் ஒருவர். நெடுங்காலம் அதன் கேப்டனாக இருந்தார். எங்களுக்கு மைதானம் என்று தனியாக ஒன்று கிடையாது. சம்பா அறுவடை முடிந்தால்தான் ஆட்டம். அப்போதும் எல்லா வயலிலும் உளுந்து முளைத்திருக்கும். ஒரு வயலையாவது உளுந்து தெளிக்காமல் விடச் சொல்லி அண்ணன் பெரியப்பாவிடம் போய் நின்றார்.

"உளுந்து தெளிச்சா வீட்டுக்கு ஆவும். ஒங்க பந்து எதுக்குடா ஆவும்?" என்றார் பெரியப்பா.

"அறுப்பு முடிஞ்சா பசங்க வேலை வெட்டி இல்லாம ஆளுக்கொரு பக்கம் திரியிறானுங்க பெரியப்பா. இது இருந்தா ஊரோட இருப்பானுங்க."

பெரியப்பா வயலை விட்டுக்கொடுத்தார். பிட்ச் போடும் வேலை ஒரு வாரம் நடக்கும். களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்புகளில் மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, கான்கிரீட் நிரப்பிய தார் டிரம்மை உருட்டி உருட்டி அழுத்துவார்கள். மேலத்தெரு, கீழத்தெரு என்று பார்க்காமல் அந்த டிரம்மை எல்லாரும் தள்ளினார்கள். ஊரில் அப்படி எல்லாருமாகச் சேர்ந்து செய்த வேலை அதற்கு முன் வேறு எதுவும் இல்லை என்று அம்மா சொல்லுவார். பிறகு அதே பிள்ளைகள்தான் ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை உடைந்தபோது மணல் மூட்டை சுமந்தார்கள். தீமிதித் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்கு செய்தார்கள். சாவு வீட்டில் பந்தல் போட்டார்கள். யாருக்காவது ரத்தம் தேவை என்றால் வேன் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

சித்திரை பிறந்ததும் எங்கள் கிளப் பந்தயம் நடத்தும். சுற்று வட்டார அணிகள் எல்லாம் வரும். ஊர் எதிர்பார்த்தது திருவேட்டக்குடி அணியைத்தான். கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகுகள் கரையேறிய பிறகு அவர்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். எங்கள் வயல் காய்ந்து கிடப்பதும் அவர்கள் படகு சும்மா நிற்பதும் ஒரே சமயம். அவர்களுடைய கேப்டன் அருள்மணி. அண்ணனைவிட வயதில் சின்னவர். ஒல்லியான தேகம். நீளமான வலது கையைச் சுழற்றி அவர் பந்து போடும்போது வரப்பில் நின்று பார்க்கும் எங்களுக்கே பயமாக இருக்கும். ஆட்டம் இல்லாத நாளிலும் அருள்மணி எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா போடும் சோற்றை இருவரும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிடுவார்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு, இறுதி ஆட்டம் எங்களுக்கும் திருவேட்டக்குடிக்கும் நடந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் கேடயம் வெளியூருக்கே போயிருந்தது. இந்த முறை எப்படியும் அது ஊரில் தங்க வேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் வெறியாக இருந்தார்கள். நாங்கள் பெண்கள் எல்லாரும் பனைமரத்து நிழலில் நின்று பார்த்தோம்.

பேட் செய்யும் அணியைச் சேர்ந்தவரே அம்பயராக நிற்பது கிராமத்து ஆட்டங்களின் வழக்கம். அண்ணன் ஆட்டமிழந்து வந்து அம்பயராக நின்றார். கடைசி ஓவர். எங்களுக்கு இன்னும் ஒரு பவுண்டரி போதும். எங்கள் கையில் கடைசி விக்கெட். பேட்டைப் பிடித்திருந்தவர் பக்கத்துத் தெரு பாஸ்கர். அருள்மணி ஓடிவந்து போட்ட பந்து பேட்டை உரசிக்கொண்டு கீப்பர் கைக்குப் போனது. திருவேட்டக்குடிக்காரர்கள் அத்தனை பேரும் குதித்தார்கள். அருள்மணி திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து, "அண்ணே! கேட்டுச்சுல்ல?" என்றார்.

அண்ணன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு, இல்லை என்று தலையசைத்தார்.

அடுத்த பந்தை பாஸ்கர் எல்லைக்கு அடித்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் வயலுக்குள் ஓடினார்கள். அண்ணனைத் தோளில் தூக்கினார்கள். அதற்குள் மறுபக்கம் சண்டை மூண்டுவிட்டது. புழுதிக்குள் யார் யாரை அடித்தார்கள் என்று தெரியவில்லை. யாரோ ஸ்டம்பைப் பிடுங்கி வீசினார்கள். கூட்டம் விலகியபோது அருள்மணி முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். அண்ணன் தோளிலிருந்து இறங்கி அவரை நோக்கி ஓடினார். திருவேட்டக்குடிக்காரர்கள் அவரை நெருங்க விடாமல் தள்ளிவிட்டு, அருள்மணியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிட வரவில்லை. கொல்லைப்புறத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா போய்க் கூப்பிட்டபோது சொன்னார்.

"தட்டுச்சும்மா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"பின்ன ஏன்டா இல்லேன்ன?"

"தெரியலம்மா. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. தலை தானா ஆடிப்போச்சு."

அம்மா, "காலையில ஆஸ்பத்திரிக்குப் போ. அவங்கிட்ட நேரா சொல்லிட்டு வந்துடு. அது ஒண்ணுதான் வழி" என்றார்.

அண்ணன் போவதாகத்தான் இருந்தார். விடிந்ததும் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. எங்கள் பிள்ளைகள் நான்கைந்து பேர்மீது வழக்கு. அவர்களுடைய தாய்மார்கள் அண்ணனிடம் வந்து அழுதார்கள். தப்பு நம் பக்கம் என்று கேப்டனே போய்ச் சொன்னால் வழக்கு இறுகும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். பெரியவர்கள் பேசிப் பேசி, பல மாதங்கள் கழித்து வழக்கு சமாதானத்தில் முடிந்தது. அதற்குள் அருள்மணியின் எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. அவருடைய வலது கை அதன் பிறகு முழுதாக நீளவே இல்லை. பந்து போடுவது இருக்கட்டும், வலை இழுப்பதும் அவருக்குக் கஷ்டமாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம்.

அதன் பிறகு திருவேட்டக்குடி அணி எங்கள் ஊருக்கு வரவில்லை. எங்கள் அணியும் அங்கே போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தடைக்காலம் வரும்போது அம்மா, "எப்பப் போறே?" என்று கேட்பார். "போறேம்மா" என்பார் அண்ணன். இப்படியே ஆண்டுகள் போயின. அம்மா இறக்கும்வரை அவர் போகவில்லை.

அதை அவர் மறந்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாளுக்குப் பிறகு அண்ணன் ஒரு ஆட்டத்துக்குக்கூட அம்பயராக நிற்கவில்லை. ஆட்டத்தில் கலந்துகொள்ளாத மூன்றாவது ஊரிலிருந்துதான் அம்பயர் வர வேண்டும் என்று கிளப்பில் விதி கொண்டுவந்தார். அதைக் கண்டிப்பு என்று ஊர் பாராட்டியது. திருவேட்டக்குடிப் பக்கமிருந்து மோட்டார் வேலை வந்தால் கடைப் பையனை அனுப்பிவிடுவார். ஒரு நாள் கோட்டுச்சேரி மீன் அங்காடிக்குப் போனவர் வெறும் பையோடு திரும்பி வந்தார். அண்ணி கேட்டதற்கு, "அருள்மணி ஐஸ் பெட்டி தூக்கிக்கிட்டு நின்னான். இடது கையால தூக்குறான்" என்று மட்டும் சொன்னாராம்.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் வீங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனார். இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன என்றார்கள். காரைக்காலில் வாரந்தோறும் டயாலிசிஸ் நடந்தது. குடிக்கும் தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டியிருந்தது. வெயிலில் நாள் முழுதும் ஓடியாடிய மனிதர், டம்ளரில் கால்வாசி நீரை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல நாக்கை நனைத்துக்கொள்வதைப் பார்க்க எங்களால் முடியவில்லை.

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு நாள் அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டார். "தம்பிய கார எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. நீயும் வா. திருவேட்டக்குடிக்குப் போகணும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் போனபோது படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக ஏறிக் கிடந்தன. அருள்மணி வீட்டு வாசலில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். தம்பி கைத்தாங்கலாக அண்ணனை இறக்கினான். அருள்மணி நிமிர்ந்து பார்த்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை.

"யாரு... சுரக்குடி அண்ணனா? என்னண்ணே, இப்புடி ஆயிட்டீங்க?" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "இஞ்ச உக்காருங்க மொதல்ல."

அண்ணன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன் அருள்மணி. அன்னைக்குப் பாஸ்கர் பேட்டுல தட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு. தெரிஞ்சேதான் இல்லேன்னு சொன்னேன்."

அருள்மணி வலையைக் கீழே வைத்தார்.

"அது எனக்குத் தெரியும்ண்ணே. ஒங்க மூஞ்சியப் பாத்தேன்ல." கோணலான வலது கையைத் தடவிக்கொண்டார். "கூட்டத்துல எவனோ அடிச்சான், கை போச்சு. அத நான் எப்பவோ விட்டுட்டேன். ஆஸ்பத்திரில கெடந்தப்ப யாரு உள்ள வந்தாலும் நீங்கதானோன்னு பாப்பேன். ஒங்களோட ஒரே தட்டுல சாப்புட்டவன் நான். நீங்க வரவே இல்ல."

"பசங்க மேல கேஸு இருந்துச்சு. நான் வாயத் தொறந்தா அவனுங்க மாட்டிக்குவானுங்கன்னு பயந்தேன். அது முடிஞ்சப்புறம் வெக்கமாப் போச்சுப்பா. வருஷம் ஆக ஆக அந்த வெக்கம் கூடிக்கிட்டேதான் போச்சு."

"இப்ப வந்து சொல்றீங்க. நான் என்னண்ணே சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கேட்டியே, அது போதும்."

அருள்மணியின் மனைவி எல்லாருக்கும் தேநீர் கொண்டு வந்தார். அண்ணன் அவ்வளவு குடிக்கக் கூடாது. நான் வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். அந்த வீட்டுத் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிளம்பும்போது, "ஒங்க பசங்கள ஒரு ஆட்டத்துக்கு அனுப்புவியா? நான் இருக்கும்போதே பாத்துடணும்" என்றார். அருள்மணி, "பசங்களக் கேட்டுட்டுச் சொல்றேண்ணே" என்று சொல்லிவிட்டு, தம்பியிடம் அண்ணனுடைய நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கிளப் உறுப்பினர்களை வயலுக்கு வரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, அன்று நடந்ததை அப்படியே சொன்னார். இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர்களில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷம் கழிச்சு இத ஏண்ணே கெளப்புறீங்க? ஊருக்குன்னு இருந்த ஒரு ஜெயிப்பு, அதுவும் போச்சா?" என்றார். அப்போது பாஸ்கர், இப்போது நரைத்துவிட்ட பாஸ்கர், பின்னாலிருந்து முன்னே வந்தார். "அவரை மட்டும் கேக்காதீங்க. பேட்டப் புடிச்சிருந்தவன் நான். தட்டுனது எனக்குத் தெரியாதா? நானே நடந்து வெளிய வந்திருக்கணும்" என்றார். திருவேட்டக்குடியோடு ஆடுவதற்காக அன்றே பிட்ச் போடும் வேலை தொடங்கியது.

பிட்ச் தயாரானது. திருவேட்டக்குடியிலிருந்து தகவல் வரவில்லை. தம்பி, தானே போன் செய்து கேட்பதாகச் சொன்னான். "வேணாம். அவன் மனசு எறங்கித்தான் வரணும். நாம நெருக்கக் கூடாது" என்று அண்ணன் தடுத்துவிட்டார். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம், "அருள்மணியா?" என்று கேட்பார். ஏதோ கடையிலிருந்தோ உறவிலிருந்தோ வந்த அழைப்பாக இருக்கும். "சரி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். டயாலிசிஸ் படுக்கையிலும் போனைத் தலைமாட்டில்தான் வைத்திருந்தார்.

வைகாசியில் ஒரு பகல் பொழுதில், அந்தப் படுக்கையிலேயே அண்ணனின் மூச்சு அடங்கியது. அருகில் அண்ணி இருந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கிளப் பிள்ளைகள்தான் அவரைத் தூக்கிச் சென்றார்கள். பாடையை அந்த வயலோரம் கொஞ்ச நேரம் இறக்கி வைத்துவிட்டு எடுத்துப் போனார்கள்.

பால் தெளித்த மறுநாள் காலை அண்ணனுடைய போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அண்ணே, அருள்மணி பேசுறேன். வர்ற ஞாயித்துக்கெழம பசங்களக் கூட்டிக்கிட்டு வர்றேன். நானும் வர்றேண்ணே" என்றார்.

நான் யார் என்று சொல்லி, அண்ணன் இறந்த செய்தியைச் சொன்னேன். கடற்கரைக் காற்று மட்டும் போனில் இரைந்தது. பிறகு அவர் பேசினார்.

"பசங்க அன்னைக்கே சரின்னு சொல்லிட்டானுங்கம்மா. நாந்தான் சொல்லாம இருந்தேன். ஆஸ்பத்திரில நான் பாத்துக்கிட்டுக் கெடந்த மாதிரி அவரும் கொஞ்ச நாள் காத்துக்கிட்டு இருக்கட்டும்னு நெனச்சேன். இப்புடி ஆகும்னு நெனைக்கலம்மா."

அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை ஒரு வாரம் முன்னதாக வந்திருந்தால் எங்கள் அண்ணன் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைக்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. அன்றே போகாத அண்ணனை நினைத்தும் அப்படித்தான் வருந்துகிறேன். இருவரும் நல்லவர்கள். ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். வீணாகப் போன அந்த வருடங்கள் யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

அண்ணனின் நோய்க்காலத்தில் துணை நின்ற எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டயாலிசிஸுக்கு மாற்றி மாற்றி அழைத்துச் சென்ற கிளப் பிள்ளைகளுக்கும், ஊசிகூட வலிக்காமல் போட்ட செவிலியர்களுக்கும், கடையை மூட விடாமல் நடத்திய பணியாளருக்கும், அறுவடையை எங்களுக்காக முடித்துக் கொடுத்த பெரியப்பா வீட்டாருக்கும், துக்கத்துக்கு வந்து சென்ற எல்லா ஊர் உறவுகளுக்கும், அன்று வயலில் முன்னே வந்து அவரைத் தாங்கிப் பேசிய பாஸ்கர் அண்ணனுக்கும் எங்கள் நன்றி. இவ்வளவு காலம் தன் கணவரின் பாரத்தைத் தானும் சுமந்த எங்கள் அண்ணிக்கு நன்றி என்ற சொல் போதாது.

அருள்மணி அண்ணன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தார். பந்தியில் எங்கள் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். விடைபெறும்போது நான் நன்றி சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. செருப்பை மாட்டப் போனவர் நின்று, "கடைசி நாள்ல என்னப் பத்தி ஏதும் கேட்டாராம்மா?" என்றார்.

இல்லை என்று சொன்னால் அவர் மனம் ஆறுதலடையும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒரு 'இல்லை'யைச் சொல்லிவிட்டு எங்கள் அண்ணன் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

"கேட்டாருண்ணே. தெனம் தெனம் கேட்டாரு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எங்கள் பந்தலைத் தாண்டி, வெயிலில், பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்து போனார்.

அண்ணனை இழந்து வாடும்,
தங்கை